லில்லிக்குத் தெரியாத வார்த்தை

அவர் யாரையும் பார்த்து 'வா' என்றோ 'போ' என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. 'வாங்க', 'போங்க' என்றுகூடக் கிடையாது. வாசலுக்கு வந்தவரை 'வாங்க' என்று கூப்பிடாவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் அதைச் சண்டை என்றே எடுத்துக்கொள்வார்கள். அவரோ யார் வந்தாலும் எழுந்து நின்று, முகம் விரியச் சிரித்து, "வந்துட்டீங்களா" என்பார். உட்காரச் சொல்ல வேண்டுமானால் நாற்காலியை இழுத்துப் போட்டுத் துண்டால் ஒரு தட்டு தட்டுவார். அவருக்குத் தண்ணீர் வேண்டுமானால், "இன்னிக்குத் தொண்டை வறண்டு கிடக்கு டாக்டரம்மா" என்று வானிலை அறிக்கை மாதிரிச் சொல்வார். கொடுப்பதும் கொடுக்காததும் நம் இஷ்டம்.

ஆறு வருஷம் அவர் எங்கள் குடியிருப்பின் பகல் வாட்ச்மேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது இருக்கும் வாட்ச்மேன் நன்றாக அதட்டுகிறார். தெருமுனை வரைக்கும் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழையவர் ஞாபகம் வந்துவிடும்.

ஆள் ஆறடிக்குக் குறையாது. அறுபது வயதிலும் நெஞ்சு நிமிர்ந்தே இருக்கும். செக்யூரிட்டி ஏஜென்சி கொடுத்த நீலச்சட்டையின் மேல் பட்டன் அவருக்குப் பூட்டவே பூட்டாது. அந்த உடம்பைப் பார்த்துத்தான் எங்கள் சங்கச் செயலாளர் அவரை வேலைக்கு எடுத்தார். செயலாளர் தரைத்தளத்தில் இருந்தார். கோயில் கைங்கர்யக் குடும்பம், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மாதத்தில் ஏமாந்துபோனார்.

"ஏன் ஓய், பெருமாள் உமக்கு இவ்வளவு பெரிய சரீரத்தை எதுக்குக் குடுத்திருக்கார்? ஒரு அதட்டுப் போடப்படாதோ?"

"அதட்டினா பயந்துடுவாங்க சார்."

"பயப்படட்டும்ங்கறதுக்குத்தானே ஓய் உம்மை வச்சிருக்கோம்!"

அவர் சிரித்துக்கொண்டே கேட்டைத் துடைக்கப் போய்விடுவார்.

மூன்றாவது மாடியில் ஒரு துணிக்கடைக்காரர். அவர் கார் எப்போதும் தண்ணீர் லாரி வரும் வழியை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். ஒருநாள் லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. இவர் மூன்று மாடி ஏறிப் போய் மணியடித்தார். நான் அப்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"கீழ தண்ணி லாரி வந்து நிக்குது சார்."

"சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டார் துணிக்கடைக்காரர். இவர் நகரவில்லை. மறுபடி மணியும் அடிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றார். பத்து நிமிஷம் கழித்து ஏதோ வேலையாகக் கதவைத் திறந்தவர் திடுக்கிட்டுப் போனார்.

"இன்னும் ஏன்யா இங்க நிக்கிற?"

"லாரியும் நின்னுட்டுத்தான் இருக்கு சார்."

துணிக்கடைக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். 'எடுங்க' என்ற ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு காரை நகர்த்த முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு மூன்று மாடி ஏறி, பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

நான் கால்நடை மருத்துவர். திருச்சி அரசு மருத்துவமனையில் மாடு, ஆடு, நாய் எல்லாம் பார்ப்பேன். வியாழக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வடக்கே காட்டையொட்டி இருக்கும் யானை முகாமுக்குப் போவேன். வனத்துறையினர் பல இடங்களிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த யானைகளை அங்கே வைத்துப் பராமரிக்கிறார்கள். வியாழன் மாலை நான் திரும்பி வந்து காரை நிறுத்தியதும் இவர் பக்கத்தில் வந்து நிற்பார். என் ரப்பர் பூட்ஸ் டிக்கியில் இருக்கும். அந்த வாசனை வந்ததும் மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்து விடுவார்.

"இன்னிக்கு அதுங்க நல்லா சாப்பிட்டுச்சுங்களா?"

"எதுங்க?"

"காட்டுல இருக்கிறதுங்க."

"நல்லா சாப்பிட்டுச்சு அண்ணே."

அதற்கு மேல் கேட்கமாட்டார். யானை என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சாதாரண ஆள் இல்லை என்று எனக்குப் பட்டது ஒரு நாயால். மோட்டார் ரூமுக்குள் ஒரு தெருநாய் குட்டி போட்டுவிட்டது. எலெக்ட்ரீஷியனைக் கடித்தது, பால்காரரைத் துரத்தியது. மாநகராட்சி வண்டிக்குச் சொல்லிவிடலாம் என்றார் செயலாளர். நான் பிடித்து வேறிடம் மாற்றிவிடுகிறேன் என்று வலையோடு மத்தியானம் வந்தால், இவர் மோட்டார் ரூம் வாசலில் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே அது பல்லைக் காட்டி உறுமுகிறது.

"முதுகைக் காட்டாதீங்க அண்ணே, கடிச்சிடும்."

"கடிக்கலாம். அது அதோட இஷ்டம்" என்றார். "நாம அதுகிட்ட எதையும் கேட்டு வரலைன்னு அதுக்குத் தெரியணும்ல?"

மூன்று நாள் அப்படியே உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அந்த நாய் தன் முகவாயை அவர் தொடைமேல் வைத்துத் தூங்கியது. அவர் எழுந்து மெதுவாகப் பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தார். தாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு அவர் பின்னாலேயே போனது. படித்துப் பட்டம் வாங்கி இருபது வருஷம் வேலை பார்த்த எனக்கு அது வந்திருக்காது. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"கம்பெனியில இருந்தேன் டாக்டரம்மா."

திருவெறும்பூர்ப் பக்கம் ஏதாவது தொழிற்சாலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சர்க்கஸ்காரர்கள் சர்க்கஸைக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் திருச்சியில் ஒரு மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் போட்டார்கள். எனக்கும் கணவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். கணவருக்கு ஏதோ வேலை வந்துவிட்டது. வாட்ச்மேன் அண்ணனுக்கு அன்றைக்கு விடுமுறை. "நீங்க வரீங்களா அண்ணே?" என்றேன். வெகுநேரம் யோசித்தார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். பிறகு பார்த்தால், தலை வாரி, வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் அவர் நடை மாறிவிட்டது. எந்த வழியில் போக வேண்டும், எந்தக் கம்பியைத் தாண்ட வேண்டும் என்று அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. அந்தரத்தில் பாருக்குப் பார் பறந்தவர்களை அவர் பார்க்கவில்லை, கீழே வலையைப் பிடித்திருந்த கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள், கத்தி வீச்சு, இரும்புக் கம்பி உருண்டைக்குள் மோட்டார் பைக் எல்லாம் முடிந்தது. அப்புறம் பேண்டு மாறியது. "இப்போது உங்கள் முன்னே யானையார்!" என்று மைக்கில் அறிவித்தார்கள். இரண்டு பேர் உள்ளே நுழைந்துகொண்ட துணி யானை ஒன்று ஆடி ஆடி வந்து, ஒரு காலைத் தூக்கி சலாம் போட்டது. கூட்டம் சிரித்தது. நிஜ மிருகங்களை வைத்து வித்தை காட்டுவதெல்லாம் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டதே.

"தப்பு" என்றார் அவர், தனக்குத்தானே. "வலது கால்தான் முதல்ல."

காட்சி முடிந்து வெளியே வரும்போது பாதி சாயம் கலைத்த முகத்தோடு ஒரு வயதான கோமாளி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தார். "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று இவரைக் கட்டிக்கொண்டார். இவர் சட்டையெல்லாம் சிவப்புச் சாயம்.

"இவரு யாருன்னு தெரியுங்களா உங்களுக்கு?" என்றார் கோமாளி என்னிடம். "யானை மாஸ்டர். எங்களுக்கெல்லாம் மைக் வேணும், இவருக்கு வேணாம். 'லில்லி, அப்!'னு ஒரு சத்தம் குடுத்தார்னா கடைசி கேலரியில தூங்கிட்டிருக்கிற பச்சப்புள்ள எந்திரிச்சு அழும். அப்படியொரு தொண்டை!"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லில்லி என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. வியாழக்கிழமை முகாமில் நான் பார்க்கும் யானைகளில் ஒன்றுக்கு அதுதான் பெயர்.

மறுநாள் மத்தியானம் கேட்டடி நிழலில் வைத்து அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம், மானாவாரிக் காடு. மழை பொய்த்த ஒரு வருஷம் சர்க்கஸோடு போனவர், தழை வெட்டிப் போடுகிற வேலையிலிருந்து மாஸ்டர் வரைக்கும் வந்திருக்கிறார். லில்லி வந்தபோது அவர் இடுப்பு உயரம்தான் இருந்ததாம். இருபத்தாறு வருஷம் அவளோடு இருந்தார்.

டாக்டராகக் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்டேன். "அவ காதுக்குப் பின்னால பழைய தழும்பு இருக்கு அண்ணே."

"அது நான் போட்டது" என்றார். "அங்குசம். அங்கதான் தோல் மெலிசு. வலிச்சாத்தான் கத்துக்குவான்னு எனக்குக் கத்துக்குடுத்தாங்க. குத்திட்டு அப்புறம் நானே மஞ்சள் அரைச்சுப் போடுவேன். ராத்திரி அவ காலடியிலதான் படுப்பேன். எனக்குக் காய்ச்சல்னா அவ சாப்பிடமாட்டா. பாசம்தான் டாக்டரம்மா, பொய்யில்ல. குத்தினதும் பொய்யில்ல. ரெண்டும் இந்தக் கையிதான்."

கையை விரித்துக் காட்டினார்.

அப்புறம் அவளை ஏற்றிப்போக வந்த லாரியைப் பற்றிச் சொன்னார். சட்டம் மாறி, அதிகாரிகள் லில்லியை அழைத்துப்போக வந்தார்கள். அவர்கள்மேல் அவருக்குக் கோபமே இல்லை. "நல்லதுக்குத்தான் வந்தாங்க. சங்கிலியில கட்டித்தானே வச்சிருந்தோம்?" என்றார். ஆனால் லில்லி லாரியில் ஏறவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை பழத்தைக் காட்டினார்கள், தள்ளினார்கள். மிரண்டு போய்ப் பிளிறினாள். கடைசியில் ஒரு அதிகாரி இவரிடம் வந்து, நீங்கள் சொன்னால் ஏறுவாளாமே என்றார்.

"நான் 'அப்'புன்னேன். ஒரே வார்த்தை. ஏறிட்டா. எங்க போறோம், நீ வரியா, எதுவும் இல்ல. திரும்பிக்கூடப் பார்க்கல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. கிணத்தைக் காட்டி 'அப்'புன்னிருந்தாலும் குதிச்சிருப்பா. அப்படி ஆக்கி வச்சிருக்கேன் ஒரு உசிரை." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னையிலேருந்து எனக்கு வாயில அந்த மாதிரிப் பேச்சு வரல."

லில்லியை இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அவர் திருச்சிக்கே வந்திருக்கிறார். வந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போனா என்ன பேசுவேன்? அவகிட்ட எனக்குப் பேசத் தெரிஞ்சதெல்லாம் அந்த ஒரே மாதிரிப் பேச்சுதான்" என்றார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மாலைகளில் நானே விஷயம் சொல்வேன். இன்றைக்குச் சேற்றில் புரண்டாள், இன்றைக்கு வேப்பங்கிளையை ஒடித்து முதுகு சொறிந்துகொண்டாள், இன்றைக்குப் பக்கத்து யானையின் தீவனத்தைத் திருடினாள். திருடினாள் என்று சொன்ன அன்று அவருக்குத் தாங்கமுடியாத சிரிப்பு. "அவளா? அவளா திருடினா?" என்று மறுநாளும் கேட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. லில்லியின் இடது முன்னங்காலில் நகத்துக்கு அடியில் சீழ் கட்டிவிட்டது. கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்து, கழுவி மருந்து வைக்க வேண்டும். ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. அவள் காலைத் தரையிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்கிறாள். பாகனுக்குத் தெரிந்ததெல்லாம் தமிழும் மலையாளமும் கலந்த சொற்கள்.

"இவளுக்குத் தமிழே தெரியாது மேடம்" என்றான் பாகன்.

மயக்க ஊசி போடலாம். ஆனால் அவ்வளவு எடையோடு தப்பான பக்கம் சாய்ந்துவிட்டால் எழுந்திருப்பாள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வாட்ச்மேன் அண்ணனிடம் சர்க்கஸில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனேன். 'லெக்' என்று சொல்ல வேண்டும் என்றார். பாகன் சொல்லிப் பார்த்தான், நான் சொல்லிப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல அவள் காதை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை அவரிடம் சொன்னேன். "இன்னும் பத்து நாள் விட்டா எலும்புக்குப் போயிடும் அண்ணே. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது." வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவரோடு பழகிப் பழகி எனக்கும் அந்த வார்த்தை வரமறுத்தது.

மறுநாளும் நான் முகாமுக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என் காருக்குப் பக்கத்தில் அதே வெள்ளைச்சட்டையோடு நின்றிருந்தார்.

கார் கொள்ளிடம் பாலம் தாண்டியது. பிறகு, "என்னைக் கண்டா மிரளுவாளோ?" என்றார். "தெரியலை அண்ணே" என்றேன். கிளம்பும் முன் வனச்சரகரிடம் போனில் அனுமதி வாங்கியிருந்தேன். அவரும் வந்து நின்றார். லில்லி வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு இருபதடி தூரத்தில், எங்களுக்கு முதுகு காட்டி வாழைத்தண்டு தின்றுகொண்டிருந்தாள். இவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். கட்டளை எதுவும் போடவில்லை. "லில்லி" என்றார், அவ்வளவுதான். தூங்குகிறவரை எழுப்பப் பயந்து கூப்பிடுகிற மாதிரி.

தண்டு அவள் வாயிலிருந்து விழுந்தது. திரும்பினாள். அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டாள், ஓடி வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே வலது முன்னங்காலைத் தூக்கித் தும்பிக்கையை நெற்றிக்கு உயர்த்தி சலாம் போட்டாள். உடம்பின் பாரமெல்லாம் சீழ் பிடித்த அந்த இடது காலில் இறங்கியது. காலை வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி சலாம். பின்னங்கால்களை மடக்கி உட்காரத் தொடங்கினாள். அடுத்து என்ன வரும் என்று எனக்கே புரிந்துவிட்டது. உட்கார்ந்து, எழுந்து, பின்னங்கால்களில் நின்று, மொத்த எடையோடு அந்தப் புண்ணின் மேல் வந்து இறங்குவாள்.

"வேணாம் லில்லி! போதும்மா, போதும்!" என்று அவர் கதறினார். அவளுக்கு அது மாஸ்டரின் குரல். குரல் உயர்ந்ததும் இன்னும் வேகமாகச் செய்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க அண்ணே!"

"அதுக்கு வார்த்தையே இல்ல டாக்டரம்மா!" என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. "அதை நான் அவளுக்குக் கத்துக்குடுக்கவே இல்ல."

லில்லியின் முன்கால்கள் தரையிலிருந்து எழும்பத் தொடங்கின. அப்போதுதான் அந்தத் தொண்டையை நான் கேட்டேன். கோமாளி சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன.

"கை தட்டுங்க! எல்லாரும் கை தட்டுங்க!"

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அவரே தட்டத் தொடங்கினார். நான் தட்டினேன், பாகன் தட்டினான், வனச்சரகர் கையிலிருந்த ஃபைலைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினார். தழை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் அரிவாளை வைத்துவிட்டு வந்து தட்டினார்கள். அந்தக் காட்டோரத்தில் ஆறு பேர் ஒரு யானைக்காகக் கை வலிக்கக் கை தட்டினோம்.

லில்லி முன்கால்களை மெதுவாக இறக்கினாள். தலையை ஒருமுறை ஆட்டினாள். காட்சி முடிந்துவிட்டது. பிறகு நொண்டி நொண்டி வேலியருகே வந்து, தும்பிக்கையை நீட்டி அவர் கைகளைத் தடவினாள். காட்சி முடிந்ததும் அந்தக் கையில் வெல்லம் இருக்குமாம். அன்று இல்லை. கையை விட்டுவிட்டு அவர் முகத்தைத் தடவினாள்.

திரும்பி வரும்போது காரில் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "நான் வந்திருக்கக் கூடாது."

அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் மறுபடி என் காரருகே நின்றார். "அவ தண்ணி குடிக்கப் போற வழியில ஒரு பள்ளம் இருந்து, அதுல மருந்துத் தண்ணி இருந்துதுன்னா..." என்று இழுத்தார். எனக்குப் பிடிபட்டது. முகாமில் சொல்லி முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, வெதுவெதுப்பான மருந்து நீரை நிரப்பி வைத்தோம். அவளாக வந்தாள், அவளாகக் காலை வைத்தாள், சூடு இதமாக இருந்திருக்க வேண்டும், அங்கேயே நின்றாள். சீழ் இளகியது.

செயலாளரிடம் பேசி அவர் ஓய்வு நாளை வியாழனுக்கு மாற்றிக்கொடுத்தேன். வியாழன்தோறும் என்னோடு வந்தார். மற்ற நாட்களில் பாகன் பள்ளத்தை நிரப்பிப் பார்த்துக்கொண்டான். முகாமுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை இவர் வாயைத் திறக்கமாட்டார். முதல் வாரம் அவரைக் கண்டதும் அவள் காலைத் தூக்கினாள். இவர் சட்டென்று புழுதியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எந்த மாஸ்டரும் சர்க்கஸ் வளையத்துக்குள் தரையில் உட்காரமாட்டார். தூக்கிய காலோடு அவள் காத்திருந்தாள். வார்த்தை வரவில்லை. காலை வைத்துவிட்டாள். மூன்று வாரத்தில் அந்தச் சலாம் நின்றது. வேலிக்கம்பியருகே ஒரு மணல் மூட்டையைப் போட்டு, அதில் கால் வைத்தால் எட்டுகிற உயரத்தில் வாழைத்தண்டைக் கட்டினோம். ஜீயபுரத்திலிருந்து வரும் தண்டு என்றால் அவளுக்கு உயிர். காலை மூட்டைமேல் வைத்துத் தின்பாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நான் குனிந்து உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன். வலித்தால் காலை எடுத்துக்கொள்வாள். மறுபடி வைக்கும்வரை நாங்கள் காத்திருப்போம். ஒருநாள் ஒன்றரை மணி நேரம்கூடக் காத்திருந்தோம். அவர் முகத்தில் அலுப்பே தெரியாது.

தை மாதம் வந்தபோது புண் முக்கால்வாசி ஆறிவிட்டது. நல்ல வெயில் அடித்த ஒரு வியாழக்கிழமை. பஞ்சு, கத்தி, மருந்து எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்டு கட்டியாகிவிட்டது. லில்லி வந்தாள். மூட்டையை முகர்ந்தாள். காலைப் பாதி தூக்கினாள். எங்களைப் பார்த்தாள். அப்புறம் காலைக் கீழே வைத்துவிட்டு, தண்டைக்கூடத் தொடாமல், திரும்பி நடந்தாள். வெயிலில் வெதுவெதுத்துக் கிடந்த சேற்றுக்குட்டையை நோக்கி அவள்பாட்டுக்குப் போனாள்.

பாகன் கூப்பிட வாயெடுத்தான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

லில்லி சேற்றில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தும்பிக்கையால் சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொண்டாள். இவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கை தட்டிய அந்த நாளுக்குப் பிறகு முகாமுக்குள் அன்றுதான் முதல்முறையாக அவர் வாயைத் திறந்தார், அவளுக்குக் கேட்காத மாதிரி, என் காதருகே.

"பாத்தீங்களா டாக்டரம்மா? மாட்டேன்னுட்டா. நான் இங்க நிக்கிறேன், என்கிட்டயே மாட்டேன்னுட்டா!"

புண் இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். கத்தியையும் பஞ்சையும் பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினேன்.